குடுவையில் மிஞ்சியதைப் பார்த்தவர்
(ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய் வாழ்க்கை வரலாறு)



துத்தநாகத் துண்டுகள் மேல் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் வரும். இது நம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குடுவை, திசில் புனல், விடுகுழாய், தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து வைத்த வாயு ஜாடி என்று பள்ளிக்கூடத்திலேயே படம் வரைந்து பாகம் குறித்திருப்போம். எரியும் குச்சியைக் காட்டினால் பப் என்ற சத்தத்தோடு எரியும் என்றும் மனப்பாடம் செய்திருப்போம். அந்தப் பாடத்தில் ஒரு பெயர் கட்டாயம் வரும். 1766ல் உலோகங்களை அமிலத்தில் போட்டு இந்த வாயுவைப் பிடித்து, இது தனிப்பட்ட ஒரு வாயு என்று காட்டிய ஹென்றி காவெண்டிஷ். அவர் இங்கிலாந்தின் பெரிய பிரபு வம்சம். வீட்டையே ஆய்வுக்கூடமாக்கிக் கொள்ளும் அளவுக்கு வசதி.

நம் நாட்டுக்காரர் பெயர் எதுவும் அந்தப் பாடத்தில் வருவதில்லை. ஆனால் அதே ஹைட்ரஜனோடு விளையாடி, மயிரிழையில் தப்பித்து, பிறகு இந்தியாவின் நவீன வேதியியலுக்கே தந்தை என்று பெயர் வாங்கிய ஒருவர் உண்டு. அவர்தான் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய். ஜெகதீஷ் சந்திர போஸ், சர் சி.வி.ராமன் பெயர்களைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறோம். ராய் பெயரைச் சொன்னால் நம்மில் பலர் யோசிக்கிறோம். டிப்ளமோ படிக்கிற நாம் அவரைத் தெரிந்துகொள்வது மிக அவசியம் என்று நினைத்துத்தான் இந்த மலருக்கு இதை எழுதுகிறேன்.

கிராமத்துப் பிள்ளை

1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள், அன்றைய வங்காளத்தில் ரரூலி என்ற கிராமத்தில் ராய் பிறந்தார். அந்த ஊர் இப்போது பங்களாதேஷில் இருக்கிறது. அப்பா ஹரிஷ் சந்திர ராய் நிலபுலன் உள்ளவர், புத்தகப் பிரியர். அம்மா புவனமோகினி தேவி. பிள்ளைகள் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக 1870ல் குடும்பமே கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே ஹேர் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் 1874ல் கடுமையான சீதபேதி வந்து படுக்கையில் தள்ளிவிட்டது. ஏறத்தாழ இரண்டு வருடம் பள்ளிக்கூடம் இல்லை. வயிற்றுக் கோளாறும் தூக்கமின்மையும் சாகும்வரை அவரை விடவில்லை. அந்த இரண்டு வருடத்தில் பையன் என்ன செய்தான் தெரியுமா? அப்பாவின் புத்தக அலமாரியைக் காலி செய்தான். சரித்திரம், இலக்கியம், பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு என்று படித்துத் தள்ளினான். அமெரிக்காவில் அச்சுத் தொழிலாளியாக இருந்து விஞ்ஞானியான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கதை அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இதற்குள் வீட்டு நிலைமை சரிந்துகொண்டே வந்தது. கடன் ஏறியது, சொத்துகள் கைவிட்டுப் போயின. பெற்றோர் கிராமத்துக்கே திரும்பிவிட, பிள்ளைகள் கல்கத்தாவில் தங்கிப் படித்தார்கள். ஆக, ராய் பிறக்கும்போது வசதிக்காரர்தான், ஆனால் படிக்கும்போது அந்த வசதி இல்லை என்பதை நாம் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

வெடித்த தகரக் கருவி

1879ல் நுழைவுத் தேர்வில் தேறி, ஈஸ்வர சந்திர வித்யாசாகர் நடத்திய மெட்ரோபாலிட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கட்டணம் குறைவு. ஆனால் வேதியியல் கற்க வசதி இல்லாததால், பிரசிடென்சி கல்லூரிக்குப் போய் வெளி மாணவராக உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. அங்கே பாடம் நடத்தியவர் அலெக்சாண்டர் பெட்லர். சும்மா பேசிவிட்டுப் போகிறவர் அல்ல, ஒவ்வொன்றையும் கண்ணெதிரே செய்து காட்டுகிறவர். அதைப் பார்த்துத்தான் இலக்கியத்தில் மனம் வைத்திருந்த ராய் வேதியியல் பக்கம் திரும்பினார்.

பார்த்தது மட்டும் போதவில்லை. கூடப் படித்த ஒரு நண்பரின் அறையிலேயே குட்டியாக ஓர் ஆய்வுக்கூடம் வைத்தார்கள். வகுப்பில் கண்ட சோதனைகளை அங்கே செய்து பார்ப்பது வழக்கம். ஒரு தடவை ஆக்சிஜன்–ஹைட்ரஜன் ஊதுகுழல் செய்ய ஆசை வந்தது. காசு இல்லாததால் தகர வேலைக்காரரிடம் மெல்லிய தகரத்தில் செய்து வாங்கினார்கள். பற்றவைத்ததும் பயங்கர வெடி! நல்ல காலம், யாருக்கும் காயம் இல்லை.

ஏன் வெடித்தது என்பது நமக்குத் தெரிய வேண்டும். சுத்தமான ஹைட்ரஜன் அமைதியாக நீல நிறத்தில் எரியும். காற்றோடோ ஆக்சிஜனோடோ கலந்துவிட்டால் அது வாயு அல்ல, வெடிமருந்து. அதனால்தான் குடுவையில் உள்ள காற்று முழுக்க வெளியேறும்வரை காத்திருந்து, முதலில் ஒரு சிறிய சோதனைக் குழாயில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நெருப்பைக் காட்ட வேண்டும் என்று லேப் அசிஸ்டென்ட் அண்ணன் அத்தனை கறாராகச் சொல்கிறார்.

கடல் தாண்டி

அந்தக் காலத்தில் கில்கிறிஸ்ட் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. இந்தியா முழுவதும் எழுதும் போட்டித் தேர்வு. ஜெயித்தால் பிரிட்டனில் போய்ப் படிக்கலாம். நான்கைந்து மொழிகள் தெரிந்திருக்க வேண்டும். ராய் வெளியே அதிகம் சொல்லாமல் படித்தார். விஷயம் தெரிந்த மாணவர் ஒருவர் கேலிகூடச் செய்திருக்கிறார். முடிவு வந்தபோது மொத்தம் இரண்டே பேர் தேறியிருந்தார்கள். பம்பாய்க்காரர் ஒருவர், இன்னொருவர் ராய். 1882ல் கப்பல் ஏறினார்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கிரம் பிரவுன் என்ற பேராசிரியரிடம் படித்தார். 1885ல் பி.எஸ்சி., 1887ல் டி.எஸ்சி. அவருடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சி தாமிரம், மக்னீசியம் வகையைச் சேர்ந்த உலோகங்களின் இரட்டை சல்பேட்டுகள் பற்றியது.

மக்னீசியம் என்றதும் சேலத்துக்காரர்களான நமக்குச் சாக் ஹில்ஸ் வெள்ளைக்கல் ஞாபகம் வரும். ஒரு சின்ன விளக்கம். மக்னீசிய நாடாவை அமிலத்தில் போட்டால் ஹைட்ரஜன் வரும். கொதிக்கும் தண்ணீரிலும் மெதுவாக வரும். ஆனால் நம்ம ஊர் வெள்ளைக்கல்லைப் பொடித்து அமிலத்தில் போட்டால் பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு. கல் என்பது உலோகம் அல்ல, உலோகத்தின் கார்பனேட். ஹைட்ரஜன் வேண்டுமென்றால் உலோகம் உலோகமாக இருக்க வேண்டும். வைவா கேள்வியில் வரும், வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் பட்டம், கையில் வேலை இல்லை

1888ல் ராய் நாடு திரும்பினார். வெளிநாட்டு டாக்டர் பட்டம், பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதம் எல்லாம் கையில் இருந்தும் வேலை இல்லை. கல்வித் துறையின் மேல்நிலைப் பதவிகள் நடைமுறையில் வெள்ளைக்காரர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ ஒரு வருடம் சும்மா இருந்தார். அந்த நாட்களில் நண்பர் ஜெகதீஷ் சந்திர போஸ் வீட்டில் தங்கியிருந்தார். கடைசியில் 1889ல் பிரசிடென்சி கல்லூரியில் தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை, மாதம் 250 ரூபாய். அதே படிப்புப் படித்த வெள்ளைக்காரர்கள் இருந்த உயர் பணியில் அவரைச் சேர்க்கவே இல்லை.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தேன். எங்கள் வீடு அம்மாபேட்டையில் தறி போட்ட வீடு. எங்கப்பாவும் அவருடைய அப்பாவும் தறியில் உட்கார்ந்தவர்கள். பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். படித்தால் வேலை, வேலை கிடைத்தால் கஷ்டம் தீரும் என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. டாக்டர் பட்டம் வாங்கியவரையே ஒரு வருடம் அலைய விட்டார்கள் என்றால் நம்ம கதி என்ன என்று பயம் வருவது சகஜம். ராய் அந்தப் பயத்தை எப்படிக் கையாண்டார் என்பதுதான் இனி வரும் கதை.

மொட்டை மாடியில் எலும்பு

வகுப்பில் ராய் நன்றாகச் சோதனை செய்து காட்டுவார், மாணவர்கள் ரசிப்பார்கள். ஆனால் அவர் மனதில் ஒரு உறுத்தல். இத்தனை பேர் வேதியியல் படிக்கிறார்கள், படித்து முடித்து எல்லோரும் குமாஸ்தா வேலைக்கே மனுப் போடுகிறார்கள். நாட்டில் ஒரு பாட்டில் மருந்து வேண்டுமென்றாலும் கப்பலில் வர வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் படித்தது எதற்கு?

1892ல், தன் 31ஆம் வயதில், அப்பர் சர்க்குலர் ரோடு 91ஆம் எண் வாடகை வீட்டில், ஆயிரம் ரூபாய்கூட இல்லாத முதலில் ஒரு மருந்துத் தொழிலை ஆரம்பித்தார். பெயர் பெங்கால் கெமிக்கல் அண்ட் ஃபார்மசூட்டிகல் ஒர்க்ஸ். அந்த வீடுதான் அவர் குடியிருப்பு, அதுதான் தொழிற்சாலை.

முதலில் அவர் கண் போனது கசாப்புக் கடைகளில் குப்பையாகக் கிடந்த மாட்டெலும்பின் மேல். எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். அதைச் சுட்டுச் சாம்பலாக்கி, கந்தக அமிலம் சேர்த்தால் சூப்பர் பாஸ்பேட் கிடைக்கும். அதைச் சோடாவோடு சேர்த்தால் மருந்துக்கான சோடியம் பாஸ்பேட் கிடைக்கும். மூட்டை மூட்டையாக எலும்பு வாங்கி மொட்டை மாடியில் காயப்போட்டார். நேரம் பாருங்கள், மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகி நாற்றமெடுக்க, காக்கைக் கூட்டம் வந்து எலும்பைத் தூக்கிப் பக்கத்து வீடுகளில் போட, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்துவிட்டார்கள்! எலும்பை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ச் சுட வேண்டியதாயிற்று. கல்லூரிப் பேராசிரியர், உயர்ந்த குடும்பம், அந்தக் காலத்து ஆசாரம் என எதுவும் அவரைத் தடுக்கவில்லை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் ஹைட்ரஜன் சோதனையில் 65 கிராம் துத்தநாகம் 98 கிராம் கந்தக அமிலத்தோடு வினைபுரிந்தால் வருவது 2 கிராம் ஹைட்ரஜன். மீதி 161 கிராம் எங்கே? குடுவையில், கரைசலில், துத்தநாக சல்பேட்டாக. நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைத் துத்தம் என்று கேட்டால் தருவதும், சத்துக் குறைந்த நெல் வயலுக்கு ஜிங்க் சல்பேட் என்று போடுவதும் இதுதான். துத்தநாகத்துக்குப் பதில் இரும்புத் துண்டைப் போட்டால் மிஞ்சுவது அன்னபேதி. நாம் 2 கிராம் வாயுவைப் பிடித்து, பப் சத்தம் கேட்டு, அப்சர்வேஷன் எழுதிவிட்டு, 161 கிராமைச் சிங்க்கில் கொட்டிவிடுகிறோம். ராய் அந்த 161 கிராமையும் பார்த்தவர். ஒரு வினையில் வெளியே போவது என்ன, உள்ளே மிஞ்சுவது என்ன, மிஞ்சியது யாருக்குப் பயன்படும், அடக்க விலை என்ன என்று கணக்குப் பார்ப்பதுதான் தொழில். அவருடைய வாழ்க்கையே இந்த ஒரு பழக்கத்தில் அடங்கிவிடும் என்பேன்.

இழப்பும் ஈய அறையும்

தொழில் சுலபமாக வளர்ந்துவிடவில்லை. உள்ளூர்ச் சரக்கு என்றாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். கல்லூரி முடிந்து வந்து மாலையில் மருந்து காய்ச்சுவார், கணக்கு எழுதுவார். அவரோடு தோள் கொடுத்தவர் டாக்டர் அமுல்ய சரண் போஸ். அவர் நோயாளிகளுக்கு இந்த மருந்துகளை எழுதிக்கொடுத்ததோடு மற்ற டாக்டர்களையும் எழுத வைத்தார். சதீஷ் சந்திர சின்ஹா என்ற இளம் வேதியியல் பட்டதாரியும் சேர்ந்தார். ஆனால் சதீஷ் ஆய்வுக்கூடத்தில் பிரசிக் அமில விஷம் தற்செயலாக ஏறி இறந்துபோனார். 1898ல் கல்கத்தாவில் பிளேக் வந்தபோது அமுல்ய சரணும் போய்விட்டார். இரண்டு தூண்களும் சாய்ந்த பிறகும் ராய் கடையை மூடவில்லை.

வெளிநாட்டு மருந்துகளை மட்டும் அவர் நகல் எடுக்கவில்லை. ஆடாதோடை சிரப், ஓமத் தண்ணீர் போன்ற நம் பாட்டிமார் வைத்தியத்தையும் அளவு மாறாமல், சுத்தமாகக் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்து விற்றார். 1901ல் அது லிமிடெட் கம்பெனி ஆனது. பிறகு மாணிக்தலாவில் பெரிய ஆலை எழுந்தது. அங்கே ஈய அறை முறையில் கந்தக அமிலமே தயாரித்தார்கள்.

அமிலத்தை ஏன் ஈயத் தகட்டு அறையில் தயாரிக்க வேண்டும்? வினைத்திறன் வரிசையில் ஈயம் ஹைட்ரஜனுக்கு மேலே இருக்கிறது. அப்படியானால் அமிலத்தோடு சேர்ந்து ஹைட்ரஜனைத் தர வேண்டுமே? தொட்டவுடன் ஈயத்தின் மேல் கரையாத ஈய சல்பேட் படலம் படிந்துவிடும். அந்தப் படலமே உள்ளே இருக்கும் உலோகத்துக்குக் கவசம். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது, என்ன படிகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மஞ்சள் படிகம்

தொழில் நடத்தியதால் ஆராய்ச்சி நின்றுவிட்டதா? இல்லை. அவர் பெயரை உலகம் அறிந்ததே அதே காலத்தில்தான்.

ஹைட்ரஜன் பாடத்தில் ஒரு விதிவிலக்கு படிக்கிறோம். நைட்ரிக் அமிலத்தில் உலோகத்தைப் போட்டால் பொதுவாக ஹைட்ரஜன் கிடைக்காது. அந்த அமிலம் ஆக்சிஜனேற்றி என்பதால் ஹைட்ரஜனை நீராக்கிவிடும், பதிலுக்கு நைட்ரஜன் ஆக்சைடுகள் புகையாக வரும். மிகமிக நீர்த்த அமிலத்தில் மக்னீசியமும் மாங்கனீசும் மட்டும் ஹைட்ரஜனைத் தரும். பாதரசமோ வரிசையில் ஹைட்ரஜனுக்குக் கீழே இருப்பது. எந்த அமிலத்திலிருந்தும் அதை வெளியேற்றாது.

1895ல் ராய்க்கு மெர்க்குரஸ் நைட்ரேட் தேவைப்பட்டது. பாதரசத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றிக் குளிர்ச்சியாக அப்படியே வைத்தார். கொஞ்ச நேரத்தில் பாத்திரத்தில் மஞ்சள் நிறப் படிகங்கள் படிந்திருந்தன. சாதாரணமாகப் பார்க்கிறவர் இது ஏதோ காரத்தன்மை உள்ள உப்பு என்று ஒதுக்கியிருப்பார். ராய் யோசித்தார். சுற்றிலும் அமிலம் இருக்கும்போது காரத்தன்மை உள்ள உப்பு எப்படிப் படியும்? பொருந்தவில்லையே! எடுத்துச் சோதித்தார். அது மெர்க்குரஸ் நைட்ரைட். பாதரசத்தின் மெர்க்குரஸ் அயனியும் லேசில் சிதையும், நைட்ரைட் அயனியும் லேசில் சிதையும். இரண்டும் சேர்ந்து நிலையான படிகமாக நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 1896ல் வங்காள ஆசியக் கழக இதழில் வெளியானது. அப்போது அவருக்கு 34, 35 வயது. அதற்குப் பிறகு நைட்ரைட்டுகள் பற்றியே வருடக்கணக்கில் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார்.

இங்கேயும் பாருங்கள், பாத்திரத்தின் அடியில் தங்கியதைப் பார்த்ததுதான் கண்டுபிடிப்பு. சீனியர் ரெக்கார்டில் உள்ளதை அப்படியே அப்சர்வேஷன் என்று எழுதுகிறவர் கண்ணுக்கு மஞ்சள் படிகம் ஒருநாளும் தென்படாது.

1902ல் இந்து வேதியியல் வரலாறு என்ற நூலின் முதல் பாகத்தை வெளியிட்டார். பழைய சமஸ்கிருத ரச சாஸ்திர நூல்களைத் தேடிப் படித்து, நம் முன்னோர்கள் உலோகங்களை எப்படிப் பிரித்தெடுத்தார்கள் என்று எழுதினார். துத்தநாகத்தை ஆவியாக்கிக் குளிரவைத்து எடுக்கும் முறை அவற்றில் இருக்கிறது. ராஜஸ்தானின் ஜாவர் என்ற ஊரில் அதற்கான பழைய மண் குடுவைகளின் மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. ஹைட்ரஜன் தயாரிக்க நாம் எடுக்கும் துத்தநாகத்துக்கு இந்த நாட்டில் இவ்வளவு நீண்ட கதை!

மாணவர்களே சொத்து

1916ல் பிரசிடென்சி கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பாலித் பேராசிரியர் ஆனார். 1919ல் சர் பட்டம் வந்தது. 1921ல் 60 வயது நிறைந்தபோது ஒரு முடிவெடுத்தார். அன்றிலிருந்து தன் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். 1936ல் ஓய்வு பெறும்வரை இப்படித்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறிவியல் கல்லூரிக் கட்டடத்திலேயே ஓர் அறை, எளிய சாப்பாடு, கதர் உடை. இருந்ததெல்லாம் ஏழை மாணவர்களுக்கும் ஆராய்ச்சிக்கும் போனது. 1924ல் இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவரானார்.

ஞான சந்திர கோஷ், நீல் ரத்தன் தார், சத்யேந்திர நாத் போஸ், மேகநாத் சாஹா எல்லோரும் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். இவர்களில் மேகநாத் சாஹா ஒரு கிராமத்துப் பலசரக்குக் கடைக்காரரின் மகன். அப்பாவுக்குப் பையன் கடையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம். அந்தப் பையன்தான் பிறகு நட்சத்திரங்களின் நிறமாலையை விளக்கும் சமன்பாட்டைத் தந்தான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன் எதுவரை போக முடியும் என்று கேட்டால் நான் சாஹா பெயரைச் சொல்வேன்.

1922ல் வடக்கு வங்காளத்தில் பெரும் வெள்ளம் வந்தபோது, நிவாரண வேலையைத் தலைமை தாங்கி நடத்தினார் ராய். மாணவர்கள் மூட்டை சுமந்தார்கள், இவர் கணக்கு எழுதினார். காந்தியடிகளின் ராட்டையை முதலில் அவர் அவ்வளவாக நம்பவில்லை. ஆலை கட்டிய வேதியியல்காரர் அல்லவா! ஆனால் பஞ்சத்தையும் வெள்ளத்தையும் நேரில் பார்த்த பிறகு, வருடத்தில் பல மாதம் வேலை இல்லாமல் இருக்கும் கிராமத்துக் குடும்பத்துக்கு நூல் நூற்பதும் ஒரு கைப்பிடிச் சோறு என்று புரிந்துகொண்டு தானே ராட்டை சுற்றினார். தறி வீட்டுப் பிள்ளையான எனக்கு அவர் மேல் பிரியம் கூடியது இதைப் படித்தபோதுதான்.

1944 ஜூன் 16ஆம் நாள், அதே அறிவியல் கல்லூரியில், அதே அறையில், 82ஆம் வயதில் ராய் காலமானார். சுதந்திரத்தைப் பார்க்க மூன்று வருடம்தான் பாக்கி. அவருடைய கம்பெனி பிற்காலத்தில் நஷ்டத்தில் சிக்கி, 1980ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டது. 2011ல், அவர் பிறந்து 150ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ராயல் வேதியியல் கழகம் அவர் நினைவாக நினைவுப் பலகை வைத்துக் கௌரவித்தது. ஐரோப்பாவுக்கு வெளியே அந்தக் கழகம் அளித்த முதல் பலகை அதுதான்.

நமக்கு என்ன?

ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகப் போட்டு ஆலை கட்டினார், நீங்களும் கட்டுங்கள் என்று மேடையில் பேசுவது எளிது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ராய் வேலையை விட்டுவிட்டுத் தொழிலுக்குப் போகவில்லை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. எலும்பு அழுகிப்போன மாதத்திலும் அவருக்குச் சோறு இருந்தது. நம் வீடுகளில் பல பேருக்கு அப்படி இல்லை. ஒரு பாவு வீணானால் ஒரு மாதக் கூலி போய்விடும் வீடு எங்களுடையது. அதனால் முதலில் வேலைக்குப் போவது கோழைத்தனம் ஆகாது. ராயும் அதைத்தான் செய்தார்.

அப்படியானால் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது? ஒன்று, கையால் செய்யும் வேலையில் வெட்கப்படாமல் இருப்பது. டிப்ளமோதானா என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. டி.எஸ்சி. வாங்கியவர் மாட்டெலும்பு காயப்போட்டார். இரண்டு, எதையும் கொட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்ப்பது. குடுவையில் மிஞ்சும் உப்பு, பட்டறையில் விழும் இரும்புச் சீவல், சாயப்பட்டறையில் ஓடும் தண்ணீர் ஒவ்வொன்றிலும் ஒரு நஷ்டக் கணக்கு இருக்கிறது, சில சமயம் ஒரு தொழிலும் இருக்கிறது. மூன்று, சம்பாதித்ததில் ஒரு பங்கை நமக்குப் பின்னால் படிக்க வருகிறவனுக்கு வைப்பது.

நம் மாணவர் மன்றத்துக்கு என் தாழ்மையான யோசனை ஒன்று. அடுத்த ஆண்டு ஹைட்ரஜன் சோதனை நடக்கும்போது, மிஞ்சும் கரைசலை எல்லா பேட்ச்சிலிருந்தும் ஒரு தொட்டியில் சேர்த்து, ஆசிரியர் மேற்பார்வையில் வடிகட்டிச் சுண்டவைத்துப் படிகமாக்கிப் பார்க்கலாம். எத்தனை கிராம் வந்தது, கணக்குப்படி எத்தனை வந்திருக்க வேண்டும், கடையில் என்ன விலை என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். ஆகஸ்ட் 2ஆம் தேதியன்று ராய்க்கு மாலை போடுவதைவிட அவருக்கு இது பிடித்திருக்கும் என்று நம்புகிறேன்.

வாழ்க ஆச்சார்ய ராய் புகழ்! வளர்க நம் மாணவர் மன்றம்!

– இரண்டாமாண்டு மாணவன், அம்மாபேட்டை, சேலம்